ஆறாம் லயத்துக்கு ஓர் இணைப்பு

சுலக்ஷனாவுக்கு இருபத்தொன்பது வயது. அதில் ஆறு வருடங்களைக் கொழும்பில் ஒரு தனியார் இணையக் கம்பனியின் நான்காம் மாடியில், காதில் ஹெட்செட்டோடு கழித்தவள். தமிழில் வரும் முறைப்பாடுகளைக் கேட்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது அழைப்புகள். பேசுகிறவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே எந்தப் பக்கத்து ஆள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "நெற் வேலை செய்யுதில்லைப் பிள்ளை" என்றால் யாழ்ப்பாணம். "நெட்டு வரமாட்டேங்குதுங்க மிஸ்" என்றால் மலைநாடு. எவ்வளவு கோபமாக வந்தாலும் கத்தி முடிக்க விடுவாள். பிறகு, "சரிங்க, இப்ப ரவுட்டர்ல எத்தனை லைட்டு எரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே கோபம் இறங்கிவிடும்.

அவளுடைய ஊர் சின்னக்கந்தை தோட்டம். பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் இறங்கி, பிரதான வீதியிலிருந்து அரை மைல் பள்ளத்தில் நடந்தால் ஆறாம் நம்பர் லயம், தோட்டத் தொழிலாளருக்காகக் கட்டிய பன்னிரண்டு ஒற்றையறை வீடுகளின் வரிசை. அதில் நாலாவது காம்பரா அவர்களுடையது. அம்மா நாகலெட்சுமி இன்றைக்கும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். அப்பா பழனியாண்டி தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் ரோலரில் நின்றவர்.

2023 ஐப்பசி மழையில் பழனியாண்டி ஃபெக்டரிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கண்டியில் அறுவை நடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பகலில் அவரோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். அம்மா வேலையை விட்டால் அடுப்பு எரியாது. சுலக்ஷனா இரண்டு வாரம் லீவு போட்டு வந்தாள். இரண்டு வாரம் இரண்டு மாதமானது.

அவளுடைய மேலதிகாரி லோஜன் நல்ல மனிதர். ஒருநாள் போனில் சொன்னார்:

"வீட்டிலிருந்தே வேலை செய்யுங்க. கொரோனா நேரம் செஞ்சோம்தானே. ஆனா மொபைல் சிக்னல் சரிவராது, குரல் விட்டு விட்டுக் கேட்கும். கேபிள் இணைப்பு இருக்கணும். மூணு மாசம் டைம் வாங்கித் தாறேன்."

"நம்ம கம்பனி லைன்தானே சேர் எடுக்கணும்?"

அவர்கள் கம்பனியின் கேபிள் அந்தப் பக்கத்தில் ஹட்டன் நகரத்தோடு நின்றுவிடுகிறது என்று இருவருக்கும் தெரியும். தோட்டங்களிலிருந்து இணைப்புக் கேட்டு அழைத்தவர்களுக்கு, "உங்கள் பகுதிக்கும் விரைவில் வரும்" என்று அவள்தான் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த 'விரைவில்' எவ்வளவு நீளமானது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவங்கட லைன எடுங்க," என்றார் லோஜன் தணிந்த குரலில். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

'அவங்க' என்றால் அரசாங்கக் கம்பனி. ஒரு காலத்தில் நாட்டில் தொலைபேசி என்றால் அது ஒன்றுதான். அன்றைக்குச் சின்னக்கந்தையில் இரண்டே இடத்தில்தான் போன் மணி அடிக்கும், தோட்ட மேலாளரான தொரையின் பங்களாவிலும் தோட்ட ஆபிஸிலும். பிறகு தனியார் கம்பனிகள் வந்தன. நகரத்தில் ஒரே சுவரில் மூன்று கம்பனி விளம்பரம் ஒட்டி, ஒரு வீட்டு வாசலில் இரண்டு கம்பனி ஆட்கள் நின்று கூப்பிட்டார்கள். லயத்துப் படியில் மட்டும் யாரும் இறங்கவில்லை. அரசாங்கக் கம்பனியின் புதிய கேபிளும் பிரதான வீதியில் வந்து, பங்களாவுக்குத் திரும்பி, அங்கேயே முடிந்துபோயிருந்தது.

அரசாங்கக் கம்பனியின் ஹட்டன் ஆபிஸில் கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள்: "வீட்டு நம்பர்?"

"லயத்து நம்பர் ஆறு."

"அது லயத்துக்கு. உங்க வீட்டுக்கு?"

வீட்டுக்கு நம்பர் இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு உரிமை காட்டும் உறுதிப்பத்திரம் இல்லை, தண்ணீர் பில் இல்லை. கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபிஸுக்கு வந்து, அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும். அடையாள அட்டையிலும் தோட்டத்தின் பெயர் மட்டும்தான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது என்று கவுண்டர்ப் பெண் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. சுலக்ஷனாவும் கணினி சொன்னதைத்தானே இவ்வளவு நாளும் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லியிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. நாலு தலைமுறை ஒரே காம்பராவில் இருந்தும், இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு காகிதத்தில் காட்ட முடியவில்லை. வீட்டில் அதைச் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்:

"நம்பர் இல்லையா? போன எலக்சனுக்கு வந்தவங்க லிஸ்டுல நம்பர் பாத்துத்தானே அப்பா பேரக் கூப்பிட்டாங்க?"

சுலக்ஷனா நிமிர்ந்தாள். மறுநாள் கிராம சேவகரின் ஆபிஸில் வாக்காளர் பட்டியலைப் புரட்டினாள். அம்மா சொன்னது சரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் இருந்தது. பழனியாண்டி குடும்பம்: 6/4.

"இதை வச்சு வீட்டு நம்பர்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லயே," என்றார் கிராம சேவகர்.

"புதுசா ஒண்ணும் எழுத வேணாம் சேர். இந்தப் பட்டியல்ல இந்தக் குடும்பத்துக்கு இந்த எண் இருக்குன்னு மட்டும் எழுதித் தாங்க. அது உண்மைதானே? வோட்டுப் போட அந்த நம்பர் செல்லுது. லைன் எடுக்கச் செல்லாதா?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு எழுதிக் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சுலக்ஷனா கறுப்புப் பெயின்ட் வாங்கிக் கதவு நிலைமேல் 6/4 என்று எழுதினாள். பக்கத்துக் காம்பரா ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் எழுதிக் குடு புள்ள" என்றார்கள். அன்று மாலைக்குள் ஆறாம் லயத்தின் பன்னிரண்டு கதவுகளுக்கும் நம்பர் வந்துவிட்டது.

அத்தோடு முடியவில்லை. வீதியிலிருந்து லயத்துக்குக் கம்பி இறங்கப் பதினொரு தூண் நட வேண்டும். ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூண் போடமாட்டார்கள், குறைந்தது பத்து விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். தேயிலைச் செடியைப் பிடுங்காமல் தூண் நடுவதற்குத் தோட்டத்தின் அனுமதியும் வேண்டும்.

அனுமதிக்கு வழி சொன்னவர் பழனியாண்டி. படுக்கையில் தலையணையில் சாய்ந்தபடி, ஒரு கொப்பித்தாளில் பென்சிலால் கோடு போட்டார். "ரோட்டுலேருந்து பழைய தண்ணிக் கான் ஓரமா வந்து, கோயில் மரத்துக்குப் பின்னால திரும்பினா ஒரு செடியும் போகாது. முப்பது வருசம் அந்தக் கான் ஓரமாத்தான் வேலைக்குப் போனேன். கண்ணக் கட்டிவிட்டாலும் வருவேன்." அந்தத் தாளைப் பார்த்த தொரை, வெளிக்கள உத்தியோகத்தரை அனுப்பி அளந்து பார்த்தார். ஒரு செடியும் போகவில்லை. அனுமதிக் கடிதம் வந்தது.

பத்து விண்ணப்பத்துக்கு அம்மா புறப்பட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையோடு வரிசையில் நின்ற பெண்களிடம் அவர் பேசினார். மூன்றாம் காம்பரா வீரய்யா மட்டும், "போன்ல டேட்டா ரீலோட் போட்டுக்கிறோம், போதாதா?" என்று கேட்டார். அவருடைய மகள் சவூதியில் வேலைக்குப் போயிருந்தாள்.

"மக பேசுறப்போ முகம் நின்னு நின்னு வருதுன்னு நேத்து அழுதீங்களேண்ணே," என்றார் நாகலெட்சுமி. வீரய்யா கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் லயத்து இரண்டு குடும்பத்தோடு மொத்தம் பதினான்கு விண்ணப்பம் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் கிராம சேவகரின் கடிதமும்.

பதினான்கையும் எடுத்துக்கொண்டு சுலக்ஷனா மறுபடியும் ஹட்டன் ஆபிஸுக்குப் போனாள். இந்தத் தடவை பொறுப்பதிகாரி சமரக்கோன் என்பவரே பார்த்தார். தலை நரைத்த, கடுமையான மனிதர். மேலே இருந்த படிவத்தில் அவளுடைய தொழில் பற்றிய கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த தனியார் கம்பனிச் சின்னத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, நீங்க அவங்க கம்பனியில வேலையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா சேர்."

"அவங்க எங்க வாடிக்கையாளர்களைப் பிடுங்கிட்டுப் போறாங்க. நீங்க அவங்களுக்கு வேலை செய்ய நான் லைன் இழுத்துத் தரணுமா?"

ஆபிஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுலக்ஷனாவுக்கு முகம் சூடானது. ஆனால் ஆறு வருடம் கோபக் குரல்களைக் கேட்டுப் பழகியவள். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, நல்ல சிங்களத்தில், நிதானமாகச் சொன்னாள்:

"சேர், எங்க கம்பனிகிட்ட எங்க தோட்டத்துக்கு லைன் கேட்டா, எடுக்கிற ஆள் போதாது, லாபம் இல்லைன்னு சொல்லும். அது தனியார், அப்படித்தான் சொல்லும். நீங்க அரசாங்கம். லாபம் பாக்காம வரவேண்டியது நீங்கதானே? இதுல பதினாலு குடும்பம் இருக்கு. ஒருத்தர்கூட உங்ககிட்டேருந்து போனவங்க இல்ல. ஏன்னா அவங்ககிட்ட நீங்க இன்னும் வரவே இல்ல."

சமரக்கோன் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டார். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 6/1, 6/2, 6/3... எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. விலாசத்துக்கான அத்தாட்சி ஒவ்வொன்றிலும் குத்தப்பட்டிருந்தது.

"இவ்வளவு ஒழுங்கா ஒரு விண்ணப்பக் கட்டு எனக்கு வந்து ரொம்ப நாளாச்சு," என்றார். "எங்க கம்பனிக்கு வந்திருக்கலாம் நீங்க."

"கேட்டேன் சேர். ஆறு வருசத்துக்கு முன்னால. பதில் வரல."

அவர் சிரித்துவிட்டார். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

தூண்கள் வந்தது பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லொறி வீதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வண்டி இறங்காது. கம்பனி ஆட்கள் நாலு பேர்தான். மழைத் தூறலில் கொங்கிரீட் தூண்களைப் பார்த்துக்கொண்டு அவர்கள் நின்றபோது, லயத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். தூணுக்கு மூங்கில் கட்டி, பக்கத்துக்கு நாலு பேராக எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். பெண்கள் குழி வெட்டினார்கள். விண்ணப்பம் போடாதவர்களும் வந்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினொரு தூணும் பள்ளத்தில் நின்றன. பழனியாண்டியை நாற்காலியில் தூக்கி வந்து வாசலில் உட்கார வைத்தார்கள். அவர் ஒவ்வொரு தூணாக எண்ணிப் பார்த்தார்.

லோஜன் கொடுத்த தவணையில் ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது இணைப்பு வந்தது.

வேலை தொடங்கிய அன்று காலை, அடுப்புப் பக்கம் இருந்த பலகையைக் கழுவி மேசையாக்கி, அதில் கணினியை வைத்தாள். அப்பா இருமக்கூடாது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். முதல் அழைப்பு லிந்துலை டவுனில் ஒரு கடையிலிருந்து. நடுத்தர வயதுக் குரல், கோபமாக இருந்தது. வழக்கம்போல் அவரைப் பேசி முடிக்க விட்டு, ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லி, அமைப்பில் இருந்த ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது.

"மிஸ், கொழும்புல சேவல் இருக்குங்களா?"

இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. மறைக்க வேண்டும் என்றும் இல்லை.

"நான் கொழும்புல இல்லைங்க. சின்னக்கந்தை தோட்டம், ஆறாம் நம்பர் லயத்துலேருந்து பேசுறேன்."

"லயத்துலேருந்தா? கம்பனியில பேசுறது நம்ம புள்ளையா?" என்றார் அந்த மனிதர். பிறகு பக்கத்தில் இருந்த யாரிடமோ சத்தமாகச் சொன்னது அவளுக்குக் கேட்டது: "ஏய், இங்க வா, கம்பனியில நம்ம லயத்துப் புள்ள பேசுது!"

பழனியாண்டி வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டார். அவர் கண் நனைந்திருந்ததை மகள் பார்த்தாள், பார்க்காததுபோல் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

ஒரு வருடம் கழித்து அவளுடைய கம்பனியும் அந்தப் பக்கம் கேபிள் இழுக்க ஆள் அனுப்பியது. பதினான்கு என்று தொடங்கியது அதற்குள் முப்பத்தெட்டு வீடாகியிருந்தது, அதனால் இப்போது லாபம் தெரிந்தது. எதை எடுப்பது என்று லயத்து ஆட்கள் அவளிடம் வந்து கேட்டார்கள்.

"பழுதானா எத்தனை நாள்ல வருவீங்கன்னு ரெண்டு பேருகிட்டயும் எழுதி வாங்குங்க," என்றாள். "அப்புறம் பாத்து எடுங்க. இப்ப நீங்க கேக்கலாம். ரெண்டு பேரும் பதில் சொல்லித்தான் ஆகணும்."

சமரக்கோன் எழுதிக் கொடுத்தார். அவளுடைய கம்பனியும் எழுதிக் கொடுத்தது.

இந்த வருடம் தமிழ் அழைப்புகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, லோஜன் அவளிடம்தான் கேட்டார். அவள் இரண்டு பெயர் சொன்னாள். அதில் ஒருத்தி ஐந்தாம் லயத்து நிஷாந்தி, ஒன்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்தவள், உயர்தரம் வரை படித்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிஷாந்தி விடியற்காலையில் எழுந்து குளித்து, கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு தன் காம்பராவில் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். யாரும் பார்க்கப்போவதில்லையே, எதற்கு இது என்று புருஷன் கேட்டதற்கு, "ஆபிஸுக்குப் போறேன்ல" என்றாள்.