யானை மாஸ்டர் வரைந்த சங்கிலி

என் வீட்டுக்காரருக்கு நாயைக் கண்டாலே நடுக்கம். தெருமுனையில் ஒரு நாய் சோம்பல் முறித்தால் போதும், எதிர்ப்பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஊரில் பெயர் யானை மாஸ்டர்.

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். கல்யாணமான புதிதில் பழம், பூ, கப்பல் என்று எதைக் கேட்டாலும் வரைவார். எல்லாமே சுமார்தான். கட்டிக்கொண்டவள் நான், எனக்குச் சொல்ல உரிமை உண்டு. ஒருமுறை பள்ளிச் சுவரில் ஒரு யானை வரைந்தார். அது மட்டும் எப்படியோ அமைந்துவிட்டது. அந்தச் சுருக்கம் விழுந்த தோலையும் சின்னக் கண்ணையும் பார்த்துவிட்டு, உயிரோடு நிற்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து மனிதர் வேறு எதையும் தொடுவதில்லை. ஹாலில் யானை, மாடிப்படியில் யானை, காயப்போட்ட துணிக்குப் பின்னால் யானை. சமையலறை டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், சாம்பல் நிறத் தண்ணீரோடு திரும்பி வரும். நான் கத்துவேன். "இதோ, கழுவி வச்சுடறேன்" என்பார். கழுவ மாட்டார்.

இத்தனைக்கும் ஒரு யானையின் பக்கத்தில் அவர் நின்றதே இல்லை. எல்லாம் புகைப்படத்தைப் பார்த்துத்தான். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார், தாளிலும் அதே மாதிரி கட்டம் போடுவார். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வருவார். காது ஒரு நாள் வரும், கண் இன்னொரு நாள் வரும்.

எங்கள் ஊர் ஓவியர்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் கண்காட்சி நடத்துவார்கள். படம் விற்று வருவதெல்லாம் மலையடிவாரத்தில் இருக்கும் யானைக் காப்பகத்துக்குப் போகும். அடிபட்ட யானை, தாயை இழந்த யானை, வளர்த்தவர்கள் கைவிட்ட யானை எல்லாம் அங்கே இருந்தன. இவரும் அந்தக் குழுவில் சேர்ந்தார். நல்ல மனசோடுதான் சேர்ந்தார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. விளையாட்டுக்குக்கூடத் தன் பங்கு என்று ஒரு பைசா கேட்டதில்லை.

இந்த வருஷம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் யானையின் புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். குட்டியாக வந்தபோது 'சின்னவள்' என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். இப்போது அங்கே இருப்பதிலேயே பெரியவள் அவள்தான். ஆனாலும் பெயர் சின்னவள். இடது காது ஓரத்தில் பெரிய கிழிசல். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க முடியாது. மனிதர் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பினார். முடிந்தது என்று கூப்பிட்டுக் காட்டியபோது, முன்னங்காலில் கனமான இரும்புச் சங்கிலி ஒன்று கிடந்தது.

"இது ஃபோட்டோல இல்லையே?" என்றேன்.

"இது அந்த ஒரு யானையோட சங்கிலி இல்ல. உலகத்துல இருக்கற எல்லா யானையோட சங்கிலியும்" என்றார்.

நான் கப்சிப். பெரிய பேச்சாக யாராவது பேசினால் எனக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கண்காட்சியில் மற்ற படங்களைச் சீந்த ஆள் இல்லை. எல்லாரும் சின்னவள் முன்னால்தான் நின்றார்கள். ஒரு டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கினார். காப்பகத்துக்காரர்கள் அதையே போஸ்டராக அடித்தார்கள். 'இவளுக்கு விடுதலை வேண்டாமா?' என்று கொட்டை எழுத்து. பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாருடைய கைப்பேசியிலும் சின்னவள். உதவி குவிந்ததாம். இவர் நடையே மாறிவிட்டது. நான் மட்டும் என்ன? பஸ் நிறுத்தத்தில் யாராவது அந்தப் போஸ்டரைப் பார்த்தால், "எங்க வீட்டுக்காரர் வரைஞ்சது" என்று வலியப் போய்ச் சொன்னேன்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு நாள் காப்பகத்தில் கூட்டம் வைத்தார்கள். இவர் பேச வேண்டும் என்று அழைப்பு. இஸ்திரி போட்ட சட்டை, பையில் எழுதி வைத்த பேச்சு, பக்கத்தில் நான். காலையிலேயே போய் இறங்கிவிட்டோம்.

வாசல் சுவரில் யாரோ கறுப்புப் பெயின்ட்டில் 'பாவிகளே, சங்கிலியைக் கழற்றுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே எழுதியிருந்ததை நான் இங்கே சொல்ல மாட்டேன். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கறுப்பு எழுத்து சுண்ணாம்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

இவருக்குக் கை துறுதுறுத்தது. "ரெண்டாவது தடவை அடிச்சாத்தான் மறையும்" என்றார்.

"அடிக்கறேன் சார். போன வாரமும் அடிச்சேன்."

"யார் எழுதினது?"

"யாருன்னு சொல்ல? நான் சின்னவளைக் கட்டிப்போட்டுக் கொடுமை பண்றேனாம். நான்தான் அவளோட பாகன்."

அவர் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மரங்களுக்குப் பின்னாலிருந்து கிழிந்த காது வந்தது, பிறகு யானை முழுசாக வந்தது. கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. பாகன் முழங்காலில் தட்டியதும் முன்னங்காலை மடக்கித் தூக்கிக் காட்டினாள்.

"தடவிப் பாருங்க சார். பயப்படாதீங்க. சங்கிலி உரசின கால் இப்படியா இருக்கும்? ஒரு தழும்பு காட்டுங்க பார்ப்போம்."

நாய்க்குப் பயந்து தெரு மாறுகிற மனிதர் யானையின் காலைத் தொட்டார். மேலும் கீழும் தடவிப் பார்த்தார். தழும்பே இல்லை.

"யாரோ ஓவியராம்," என்றார் பாகன். "பெரிய ஆளாம். வந்து நேர்ல பார்த்துத்தான் வரைஞ்சிருப்பாரு, இல்லாததையா வரைவாருன்னு கேக்கறாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? வர்றவங்க எல்லாம் சத்தம் போடறாங்கன்னு என்னைத் தீவனக் கிடங்குக்கு மாத்தறாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து இவளுக்கு வேற ஆள்."

நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் எரிந்தது. சுண்ணாம்பு வாளியோடு நிற்கிற அந்த மனிதரின் முன்னால், இவருடைய மனைவி என்று நிற்கவே கூசியது. பஸ் நிறுத்தத்தில் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "சரி, வரோம்" என்று இவர் வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு நகர்ந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன்.

இவர் காப்பகத்தின் செயலாளர் அம்மாவிடம் போய், அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா அசரவே இல்லை.

"சங்கிலி இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்? ஆனா அந்தப் படத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் உதவினாங்க. குளத்தை ஆழப்படுத்தப் போறோம். இப்பப் போய் அது கற்பனைன்னு சொன்னா எல்லாரும் கையைக் கட்டிக்குவாங்க. நஷ்டம் யானைகளுக்குத்தான். கிடங்கு வேலை கொஞ்ச நாளைக்குத்தானே, அவர் புரிஞ்சுக்குவார்."

இவர் தலையாட்டினார். ஆட்டின வேகத்தைப் பார்த்தேன். சொல்லாமல் தப்பிக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்ட வேகம் அது. எனக்கு வந்ததே கோபம்.

"குளம் தோண்டுங்க, வேண்டாங்கல. அதுக்கு அந்த மனுஷன் மானத்தையா தோண்டணும்?" என்றேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க, நீங்க மேடையில உண்மையைச் சொல்லாம இறங்கி வந்தா, வீட்டுல இருக்கற அத்தனை யானையையும் நானே தூக்கி வாசல்ல போட்டுடுவேன்."

இவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். படத்தை வாங்கின டாக்டரம்மா முன்வரிசையில் இருந்தார். இவரைப் பேசக் கூப்பிட்டார்கள், கைதட்டினார்கள். எழுதி வைத்ததைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"நான் எந்தச் சங்கிலியையும் பார்க்கல. இங்க வந்ததே இன்னைக்குத்தான். அந்தச் சங்கிலி நானாப் போட்டது. பாகன் மேல தப்பில்ல. காலையில அவர் முன்னாடி நின்னுட்டு இதைச் சொல்லாமப் போனேன். அதுவும் என் தப்பு."

யாரும் கைதட்டவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். "அப்ப நான் எதுக்கு அழுதேன்?" என்று டாக்டரம்மா பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. சிலர் எழுந்து வண்டியை நோக்கிப் போனார்கள். செயலாளர் அம்மா எங்கள் பக்கமே திரும்பவில்லை. இவர் மேடையிலிருந்து இறங்க வழி தெரியாதவர் மாதிரி நின்றார்.

பாகன் கூட்டத்துக்கு ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேராக வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நடுவில் போவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

"நீங்களா சார் அது?"

"ஆமா."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்."

பாகன் சுண்ணாம்பு ஒட்டியிருந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"என் பொண்ணு வெளியூர்ல நர்ஸ் படிப்பு படிக்குது. அவ ஆஸ்பத்திரியிலயும் அந்தப் போஸ்டர் ஒட்டியிருக்காங்க. நான் எவ்வளவோ சொல்லிட்டேன், நம்பல. போன் எடுக்கும், சரி சரின்னு சொல்லும், வச்சுடும். இங்க இருக்கறவங்க நம்பறது இருக்கட்டும் சார். அவகிட்ட நீங்க சொல்லுங்க."

எண்ணை அழுத்தி, இவர் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது. உயிரே இல்லாத குரல்.

"சொல்லுப்பா."

"அப்பா இல்லம்மா. அந்தப் படத்தை வரைஞ்சவன் பேசறேன். உங்கப்பா சங்கிலி போடல. அவர் ஒண்ணுமே பண்ணல. நான்தான் போட்டேன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை, கேட்டாள்.

"ஏன் சார் போட்டீங்க?"

உலகத்தில் இருக்கிற எல்லா யானையின் சங்கிலியும் இப்போது பேச்சில் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். இவர் பாகனைப் பார்த்தார்.

"ஃபோட்டோவுல காலைச் சுத்தி ஒண்ணும் இல்லம்மா. தரையில இடம் காலியாக் கிடந்துது. ஏதாவது போட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

பாகன் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டார். அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. "அழாதம்மா. உன் மேல எனக்கென்ன கோபம், அழாத" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்டது.