நாமத்துக்கு மட்டும் கலர்

கல்யாணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெண்ணின் சேலையை மட்டும் சிவப்பாக விடச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சிவப்பை மட்டும் வை என்றால், சேலை எது, பிளாஸ்டிக் நாற்காலி எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பின்னால் கிடக்கிற நாற்காலி, பாயச வாளியின் மூடி, மாமனின் வெற்றிலை வாய் எல்லாம் சிவப்பாக நிற்கும். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக நான்தான் அழிக்க வேண்டும்.

இராஜாக்கமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்து இருபது வருடம் ஆகிறது. இதைவிடப் பெரிய கொடுமை போன மாதம்தான் வந்தது.

ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா, போனில் அப்பாவின் படத்தோடு வந்தார். அப்பா இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் சொந்தக்காரர்கள் கூடும்போது வீட்டில் படம் வைக்க வேண்டும். அய்யாவழிக் குடும்பம். படத்தில் பெரியவர் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நேராக ஒரு வெள்ளை நாமத்தோடு இருந்தார்.

"எல்லாத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கிட்டு, நாமத்த மட்டும் கலர்ல விடணுமாம். தம்பி சொல்லியிருக்கான்."

"அக்கா, நாமம் வெள்ளைல்லா? அதுல எந்தக் கலர விட?"

"எனக்கென்ன தெரியும்? அவன்கிட்டயே கேளுங்க." ஸ்பீக்கரில் போட்டார். தம்பி குவைத்தில்.

"அண்ணே, ஒரு பொண்ணுக்க சேலைய மட்டும் செவப்பா விட்டிருந்தியளே, ஸ்டேட்டஸ்ல பாத்தேன். அதே மாதிரி நாமம்."

"சேலை செவப்பு. நாமம் வெள்ளை. கறுப்பு வெள்ளையில வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கும்."

"அப்பம் அப்படியே விட்டிருங்க. அதத்தான நானும் சொல்லுதேன்."

செய்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "நாமம் சாம்பல் மாதிரி கெடக்கு. கலர எடுத்துட்டியளே."

இருந்தால்தானே எடுக்க? "ஏ மக்கா, ஒனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அக்கா போனைப் பொத்திக்கொண்டு முறைத்தார். "சத்தம் போடாதீங்க. அடக்கத்துக்கு வர அவனுக்கு லீவு கெடைக்கல. அந்த நாமம் அவன் போட்டது. அப்பாக்குக் கை ஆடும், தானாப் போட்டா கோணிப்போவும். போன லீவுல வந்தப்போ இவன்தான் கூட இருந்து போட்டுவிட்டான்."

இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு?

மறுபடி உட்கார்ந்தேன். மர நிழலில் எடுத்த படம், வெள்ளை மங்கிக் கிடந்தது. நாமத்தை ஓரம் பிசகாமல் வெட்டி வெளுப்பாக்கினேன். முகம், தலைப்பாகை, பின்னால் நின்ற தென்னை, எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்கினேன். நாமம் எழுந்து நின்றது. அடியில் ஓரிடத்தில் லேசாக வழிந்திருந்தது. அதைத் திருத்தவில்லை. அது அவன் கை.

அனுப்பினேன். அக்காவின் போன் மறுபடி அடித்தது.

"இப்பந்தான் அண்ணே கலர் வந்திருக்கு." மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

படத்தில் ஒரு பொட்டுக் கலர்கூடக் கிடையாது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, வந்திருக்கு" என்றேன்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?" என்றான்.

பிரிண்ட் போடப் போனேன்.