துண்டோடு வாங்கிய ஸ்டீரியோ

சங்கரேட்டன் காலமான செய்தி சென்ற வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. எங்கள் வீட்டு ஸ்டீரியோ அப்போது பாடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தான் போனேன். அதன்மேல் கிடந்த தோர்த்தில் கை பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். கொச்சி மட்டாஞ்சேரியில் அண்ணனை ஏட்டன் என்றும் துண்டைத் தோர்த்து என்றும்தான் சொல்வோம். அது அவருடைய தோர்த்து.

அவரை அறிந்த நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய நாக்குதான். வெலிங்டன் தீவில் நாங்கள் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் அவர் ருசி பார்ப்பவர். நான் கோப்பைகளுக்கு எண் ஒட்டும் குமாஸ்தா. எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று அவருக்குத் தெரியவே கூடாது. ஒருநாள் மேனேஜர் வாய்தவறி ஒரு பெரிய தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். சங்கரேட்டன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இனி இதை நான் குடிச்சுப் பிரயோஜனம் இல்லை. பேரு உள்ளே போயாச்சு." வரிசை முழுவதையும் கலைத்துப் புது எண் ஒட்டிக் கொடுத்தேன். மேனேஜரை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான்.

என் மனைவி கமலம் மூளைக்காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகு, கூரான சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாமல் போயிற்று. பழைய ரேடியோவைத் திருகினாலே தலையைப் பிடித்துக்கொள்வாள். அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்தவள் அவள். ஒரு வருஷம் வீட்டில் பாட்டே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. எங்கள் சந்து வீட்டுக்கும் என் சம்பளத்துக்கும் அடங்குகிற சின்ன ஸ்டீரியோ வேண்டும், அவளால் கேட்க முடிய வேண்டும் என்று சங்கரேட்டனிடம் சொன்னேன். "நாக்கானா என்ன, காதானா என்ன? பரிசோதனை ஒண்ணுதான்" என்று கிளம்பிவிட்டார்.

கடையில் நாலு செட்டுகளை வரிசையாக வைக்கச் சொன்னார். பக்கத்துத் துணிக்கடையில் நாலு தோர்த்து இரவல் வாங்கிவந்து எல்லாவற்றையும் மூடினார். "துணியிட்டா சவுண்டு மாறும் சாரே" என்றார் கடைக்காரர். "பேரு தெரியப்படாது, அது போறும்" என்றார் இவர். ஊரெல்லாம் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். இவர் குறைத்துக்கொண்டே போனார். "கூட்டினா எல்லாம் நல்ல செட்டுதான். குறைச்சாலாக்கும் யோக்கியதை தெரியும்." கண்ணை மூடி மும்முறை கேட்டுவிட்டு மூன்றாவதைத் தொட்டார். மெத்தென்று பாடியது. இருந்ததில் விலையும் அதற்குத்தான் குறைவு.

வீட்டில் பாட்டு எழுந்ததுமே கமலம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருந்தது. சங்கரேட்டனின் முகம் சுண்டிப்போயிற்று. கீச்சலையெல்லாம் கடையில் அந்தத் தோர்த்து விழுங்கியிருக்கிறது! "பெரிய அபத்தம் பண்ணிட்டேன் கமலம்" என்றவர், சற்று யோசித்து, தன் தோளில் கிடந்த தோர்த்தை உதறி இரண்டு ஸ்பீக்கர்களின் முகமும் மறையத் தொங்கவிட்டார். கமலம் மெல்லக் கையை எடுத்தாள். "இப்போ கேக்க முடியறது ஏட்டா" என்றாள். நாலு வரி கழித்து அவள் உதடு அசைந்தது. "துண்டோடதானே ருசி பார்த்தோம், துண்டோடவே இருக்கட்டும்" என்று அவர் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் பாட்டுக் கேட்க வருவார். அவர் சாயா உறிஞ்சும் சத்தம் பாட்டை மீறும். "ஏட்டனுக்கும் ஒரு தோர்த்து போடணும்" என்பாள் கமலம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவள் ஒருநாளும் காதைப் பொத்தியதில்லை.

துவைத்துத் துவைத்து அந்தத் தோர்த்து நைந்துவிட்டது. பழைய கீச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. தகனம் முடிந்து வீடு திரும்பியதும், புதிது ஒன்று மாற்றலாமா என்று கமலத்திடம் கேட்டேன்.

"வேண்டாம். இதையே இரட்டையா மடிச்சுப் போடுங்கோ."

மடித்துப் போட்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு: இந்தத் தோர்த்து, பிறகு, இதை எழுதும்போது அடுப்படியிலிருந்து கேட்கிற கமலத்தின் பாட்டு.