நான் ஏற்றாத ஆள்

வழியில் பேய் நின்றால் மாடு நகராது என்பார்கள். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். என் மாடு நகராமல் நின்றால் குளம்பில் கல் இருக்கும். எடுத்துப் போட்டால் நடக்கும். பேயைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போதும் அதற்கு மேல் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஜப்பான்காரன் காலம். பினாங்கில் பெட்ரோல் கிடையாது, லாரியெல்லாம் படுத்துவிட்டது. அதனால் எனக்கு வேலை இருந்தது. தண்ணீர்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குள் வருவேன், சூலியா தெருவில் இறக்குவேன், வெறும் வண்டியோடு திரும்புவேன்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி அந்தோணி இருந்தார். என்னைவிடச் சின்னவர். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, ஆபீஸ் மூடியதால் வேலை போனவர். தமிழ்ப் பத்திரிகை எதுவும் கைக்கு வராத காலம் அது. அவர் கையாலேயே ஒரு பத்திரிகை எழுதினார். பழைய கப்பல் கணக்குத் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் எழுதி நூல் போட்டுத் தைப்பார். ஒரே பிரதிதான். பட்டணத்தில் அங்கங்கே பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் படித்ததும் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு, தோன்றியதை ஒரு வரி எழுதி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அனுமதியில்லாத எழுத்து. பிடிபட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்கதான் ஊரெல்லாம் சுத்துறீங்க. வழியில கண்ணுல படுறதை எழுதிக் குடுங்களேன்."

"நான் மூணாவதோட நின்னவன் தம்பி."

"அது போதும்லா. எட்டாவது படிச்சவனும் இப்பக் கிழங்குதான் திங்கிறான்."

என் பெண்சாதி செல்லம்மா உள்ளேயிருந்து, "அப்ப மாட்டுக்கும் ஒரு பேனா வாங்கிக் குடுங்க" என்றாள்.

அந்தோணி ஒரே ஒரு சட்டம்தான் வைத்தார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "பொய் வேணும்னா ஜப்பான்காரன் பேப்பர் இருக்கு, நாம பார்த்ததை எழுதுவோம்" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

எழுதுவது எனக்குப் பெரிய காரியமாக இல்லை. மாட்டுக்கு வழி தெரியும், எனக்குக் கண் சும்மாதான் இருந்தது. எதையாவது பார்த்தால் வண்டியின் பக்கப் பலகையில் கரித்துண்டால் இரண்டு சொல் கிறுக்குவேன். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதுவேன். பசாரில் ஒரு சீனத்தி சிகரெட்டைக் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கி விற்றதை எழுதினேன். சூலியா தெருவில் ரொட்டிக்கு மாவே இல்லாத மாமாக் கடைக்காரர் ஒருவர் தினமும் கல்லைச் சூடேற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை எழுதினேன். பன்னிரண்டு வீட்டிலும் என் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார்கள் என்று அந்தோணி சொன்னார். சும்மா இருக்க முடியவில்லை. பாதையில் போகும்போதெல்லாம் இதை எழுதலாமா அதை எழுதலாமா என்றே மனசு போனது.

அப்புறம் ஒரு வாரம் மாட்டுக்குக் கால் வீங்கி ஏழு நாள் கொட்டகையிலேயே கிடந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை. பலகை காலி. அந்தோணி வந்து நின்றார், தைப்பதற்கு என் பக்கம் மட்டும்தான் பாக்கி என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உட்கார்ந்து நானாக ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

தண்ணீர்மலைப் பாதையில் மத்தியானம் ஒருவர் கை காட்டினார், வண்டியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. குடைக்குக் கொக்கி போய்ச் சணல் கட்டியிருந்தது. வழி முழுக்கப் பேசவில்லை. கடைசியில், சோறு மூடி வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லச் சொன்னார். எந்த வீடு என்று கேட்க மறந்துவிட்டேன். இவ்வளவுதான் எழுதினேன். சோற்றைப் பற்றி ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். பேனா அங்கே போனது.

எழுதிக் கொடுத்த ஒன்பதாம் நாள் பகலில் ஒரு அம்மா என் கொட்டகைக்கு வந்தார். மெலிந்தவர். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முந்தானைக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்தார். தெருமுனையில் காவல் நிற்கிறது.

"அதை ஏம்மா கையில தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்கள்தானே கருப்பையா? இதை எழுதினது நீங்கள்தானே? என்ரை தம்பியை எங்கை கண்டனீங்கள்?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. பெயர் பரமேஸ்வரி என்றார். பத்திரிகை போகும் வீடுகளில் எட்டாவது வீடு அவருடையது. நான் முதல் வீட்டுக்காரன், அடுத்த வீட்டில் கொடுப்பதோடு சரி, அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. தம்பி தியாகு எட்டு மாசத்துக்கு முன்னால் காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா, வேறு எங்காவதா, ஒரு தகவலும் இல்லை. இந்த அம்மா தினமும் ராத்திரி தம்பிக்கு ஒரு தட்டில் சோறு வைத்து மூடிவிட்டுத்தான் படுப்பார். கிடைக்கும் பங்கில் பாதி அந்தத் தட்டுக்குப் போய்விடும். காலையில் கெட்டுப் போனதைத்தான் அவர் தின்பார். அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் சித்தப்பா கிராணி, அங்கே கிழங்கும் கீரையும் உண்டு, வா வா என்று மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். தம்பி வந்து பூட்டின வீட்டைப் பார்த்தால் என்ன செய்வான் என்று இவர் நகரவில்லை. கையைப் பார்த்தேன். எலும்புதான் இருந்தது. இன்னும் இரண்டு மாசம் தாங்கமாட்டார் என்று மாட்டைப் பார்த்துப் பழகினவனுக்குத் தெரியும்.

"அம்மா, அது பொய். நானா எழுதினேன். அப்படி யாரும் ஏறலை."

"ஏன் இப்பிடிச் சொல்லுறியள்? ஆருக்கும் சொல்லமாட்டன். சணல் கட்டின குடை அவன்ரைதான். நான்தான் கட்டிக் குடுத்தனான்."

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். பட்டணத்தில் பாதிக் குடைக்கு அப்போது சணல்தான். எங்காவது என் காதில் விழுந்துமிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் எழுதியது வெறும் கற்பனை என்று அந்த அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டும். அதனால் வாய்க்கு வந்ததை உளறினேன். எவனும் நம்பாத மாதிரி உளறினேன்.

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல சப்பாத்து போட்டிருந்தார். போதுமா? இப்படி எவனாவது நடப்பானா?"

அந்த அம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இடது காலிலை புண்" என்றார் மெதுவாக. "சப்பாத்து ஏறேல்லை. அதுக்குத்தான் செருப்பு."

விட்டிருக்கலாம். விடவில்லை. "கையில ஒரு பூட்டு வெச்சிருந்தார். சாவியில்லாத பூட்டு" என்றேன்.

"திறப்பு துலைஞ்சு போச்சு. புதுசு செய்விக்கத்தான் அண்டைக்குக் கொண்டு போனவன்."

அதோடு உளறுவதை நிறுத்தினேன். அந்தோணிகூட இதையெல்லாம் அறியமாட்டார் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பூட்டு விஷயம் அக்காள் தம்பி இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா கிட்டே வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உயிரோடை இருக்கிறானோ?"

செல்லம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கார்னு சொல்லுங்களேன்" என்றாள். "சொன்னா என்ன, நாக்கா தேஞ்சிரும்?"

சொல்லத்தான் நினைத்தேன். நான் வாயால் சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது, இதையும் சொன்னால் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். இருக்கார். ஐந்தே எழுத்து. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் திறந்தேன். தொண்டை அடைத்தது என்றோ அழுகை என்றோ நினைக்க வேண்டாம். இரண்டும் இல்லை. மாட்டைத் தட்டி ஹே என்றேன், அந்தச் சத்தம் ஒழுங்காக வந்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பத்திரிகையை மடித்துச் செல்லம்மாவிடம் கொடுத்தார். செல்லம்மா அதை அப்படியே அடுப்புக்குள் வைத்தாள்.

"சோறு வைக்க வேண்டாமெண்டு சொன்னவன்தானே" என்றார் அந்த அம்மா. "அது என்ரை தம்பியின்ரை சொல்லுத்தான். நாளைக்கு என்னைப் படகுத்துறைக்குக் கொண்டுபோய் விடுவீங்களோ?"

மறுநாள் காலை எட்டு மணி, நல்ல வெயில். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். வீட்டை ஒரு புதுப் பூட்டால் பூட்டினார். வழியில் காவல்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான், கன்னத்தில் அறையாமல் விட்டான், அன்றைக்கு அதுவே பெரிது. படகுத்துறையில் இறங்கினார். "கனக்க எழுதுங்கோ" என்றார். நிறைய எழுதச் சொன்னதற்கு நான் தலையை ஆட்டினேன். படகு போய் அக்கரைப் பக்கம் சின்னதாகும் வரை நின்றுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

வண்டிக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், கழுத்துக் கயிறு இறுகும், மாடு தலையைத் தூக்கும். அப்போது ஓட்டுகிறவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சரிபண்ண வேண்டும். வெறும் வண்டிக்கு அந்த வேலை இல்லை.

துறையை விட்டு நாற்பது அடி வந்திருப்பேன். நுகத்தடி எழும்பியது. வண்டி பின்னால் அமுங்கியது. ஒரு ஆள் பாரம். கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. முப்பது வருஷத்தில் எத்தனை ஆளை ஏற்றியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மாடு தலையைத் தூக்கியது. பயப்படவில்லை, பாரத்துக்குத் தூக்குகிற மாதிரிதான் தூக்கியது. நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். சரியாகிவிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அம்மா கேட்டதற்குப் பதில் கிடைத்திருக்கும். வழி முழுக்க எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் அந்தப் பதில் இருந்தது. ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள், சைக்கிள் மணி அடிக்கிறது, நான் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பசாருக்குக் கொஞ்சம் முன்னால், மீன் வெட்டும் இடத்தில், நுகத்தடி தானாக இறங்கியது. வண்டி நிற்கவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து பழகின ஆள் குதிக்கிற மாதிரி ஒரு சின்ன ஆட்டம், அவ்வளவுதான். அங்கே சாக்கடையோரம் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்து என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தது. அப்புறம் தலையை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போனது, நடந்து போகிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தோணி கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார். பரமேஸ்வரி அம்மா பிழைத்தார். சண்டை முடிந்து, தேறிய உடம்போடு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். தம்பியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நுகத்தடி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அந்த நாயைப் பற்றி நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அந்த நாய் கடைசியாகத் தலையைத் திருப்பி நிறுத்திய பக்கம் எனக்குத் தெரியும். அந்த அம்மா காலையில் பூட்டிவிட்டு வந்த வீடு இருக்கும் சந்து அது. சோறு வேண்டாம் என்றவருக்கு அங்கே என்ன வேலை?