முறத்தில் பூசிய உருளைக்கிழங்கு

எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு பழைய மூங்கில் முறம் தொங்குகிறது. முறத்தில் இடுக்கு விழுந்தால் ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த முறத்தில் வெந்தயம் கிடையாது. இதில் பூசியிருப்பது உருளைக்கிழங்கு. சொன்னால் சிரிப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த வருஷம் என் மாமனார் சாப்பிடுவதற்காக ஆசை ஆசையாகச் செய்து, அவரால் ஒரு வாய்கூட இறக்க முடியாமல் போன உருளைக்கிழங்கு அது. கடைசியில் முறத்துக்குத்தான் உதவியது. இத்தனை வருஷம் ஆகியும் ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை என்பதை நினைத்தால், அன்றைக்கு அது மாமாவின் தொண்டையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் பகீரென்கிறது.

நான் பிறந்தது மலைமேல் இருக்கிற கரியாலூர். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். மலையிலிருந்து ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்ட ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமனார் பட்டாளத்துக்காரர். அவருடைய முகவாய்க்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. வடக்கே சண்டையில் குண்டு உரசிப் போன இடம் அது என்பார். தாடையை அசைக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், உயிரைக் காப்பாற்றியது ‘மேஷ்’ என்று ஒரு உருளைக்கிழங்குச் சாப்பாடுதான் என்பதையும் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். வெண்ணெய் போல இருக்கும், ஆனால் வெண்ணெய் இல்லை. கூழ் போல இருக்கும், ஆனால் கூழும் இல்லை. எனக்கு அந்தக் குண்டைவிட அந்தக் கிழங்கின் மேல்தான் ஆர்வம். கிழங்கு தின்று வளர்ந்த எனக்கே தெரியாத ஒரு கிழங்குப் பதார்த்தமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஊரில் வேறொரு கதை ஓடியது. எங்கள் தெரு முனை டீக்கடைக்காரருக்கு நாக்கில் சனி. மாமா எதிரில் இருக்கும்போது “வாங்க மிலிட்டரி” என்பார். தலை மறைந்ததும், “இவரு இன்னா சுட்டாரு? துப்பாக்கியால சுட்டாரா, அடுப்புல கெழங்கு சுட்டாரா, யாரு கண்டது?” என்பார். பக்கத்து ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது ஏதோ உளறிவிட்டுப் போனாராம். அதிலிருந்து மாமாவுக்கு ‘கெழங்கு மிலிட்டரி’ என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அது மாமாவின் காதுக்கும் எட்டியிருந்தது. டீக்கடையில் யாராவது சிரித்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், வீட்டுக்குள் அவரை வறுத்தெடுப்பாரே தவிர வெளியே ஒரு சொல் விடமாட்டார். “குண்டு பட்டவருக்குத்தான வலி தெரியும், டீ ஆத்தறவனுக்கு இன்னா தெரியும்?” என்று தெருவே கேட்கச் சொல்வார்.

அந்த வருஷம் மாமாவுக்குப் பல்வலி பொறுக்க முடியாமல் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனார்கள். ஒன்று விடாமல் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறின பிறகுதான் பல்செட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடைப்பட்ட காலத்துக்குக் கஞ்சி. மாமாவுக்குக் கஞ்சி என்றாலே ஆகாது. முதலில் கேழ்வரகுக் கூழை ஒதுக்கினார், பிறகு குழைத்த பருப்புச் சாதத்தை ஒதுக்கினார், பிறகு தட்டையே ஒதுக்கினார். இடுப்பு பெல்ட்டில் ஆணியைச் சுட்டு உள்பக்கமாகப் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். அதுவும் பத்தவில்லை. ஒருநாள் கரும்புத் தோட்டத்தில் மடை திருப்பப் போனவர் தலை சுற்றி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். “அந்த மேஷோ கீஷோ, அதயாவது செஞ்சு குடுடி. மலைக்காரப் பொண்ணு, கெழங்கு ஒனக்குத் தெரியாததா?” என்றார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்யாணச் சீராக வந்த மிக்ஸி என்னிடம் இருந்தது. அந்தத் தெருவிலேயே முதல் மிக்ஸி அதுதான். கிழங்கை வேகவைத்து, தோலை உரித்து, பாலை ஊற்றி ஒரு சுற்று விட்டேன். மிக்ஸி கத்திய கத்தலுக்கு, கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் சோர்ந்து படுத்திருந்த மாமா துள்ளி எழுந்து உட்கார்ந்தார். “ஐயையோ, மிக்ஸியிலயா?” என்றார். ஏன் மாமா என்று எட்டிப் பார்த்துக் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லம்மா, சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு” என்று மறுபடி படுத்துக்கொண்டார். ஜாடியைத் திறந்தால் உள்ளே இருந்தது சாப்பாடு இல்லை. கரண்டியைத் தூக்கினால் கூடவே ஜவ்வாக எழும்பி வந்தது. மாமா ஒரு வாய் வைத்தார், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அத்தை பார்த்தார். “கெழங்க வீணாக்குவாங்களா?” என்று பழைய பேப்பரோடு பிசைந்து அன்றைக்கே முறத்தில் பூசிவிட்டார்.

மறுமுறை மத்தால் கடைந்தேன், தண்ணீர் கோத்துக்கொண்டு கூழானது. அதற்கு அடுத்த முறை கட்டி கட்டியாக நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, கண்ணை மூடி, “இது இல்லம்மா” என்பார். எப்படிச் செய்வார்கள் மாமா, கொஞ்சம் நினைத்துப் பாருங்களேன் என்று கெஞ்சுவேன். “எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் படுக்கையில கெடந்தவன். கொண்டாந்து குடுத்தாங்க, துன்னேன்” என்பார். ஆனால் நான் அடுப்படிக்குப் போனதும் கட்டில் கயிறு கிறீச்சிடும். கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார். நான் உலையில் கிழங்கைப் போடும்போது அவர் உதடு எதையோ சொல்லப் பார்த்து மூடிக்கொள்ளும். பசியில் வாடுகிற மனுஷன் இப்படிச் செய்வானேன் என்று எனக்கு மண்டை குடைந்தது.

அன்றைக்குப் பிரதோஷம். அத்தை ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போயிருந்தார். வெந்த கிழங்கை நான் தண்ணீரோடு கடையப் போனபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து மத்தைப் பிடித்தது. மாமா. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த வீட்டு ஆம்பிளைகள் யாரும் அடுப்படி வாசற்படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

“தண்ணிய வடிம்மா. நல்லா வடி. சட்டிய திரும்ப அடுப்புல ஏத்து, ஈரம் சுண்டட்டும்” என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். “இது ஆவாது, வெந்தது போதல. வேற கெழங்கு எடு, கத்தி குடு.” அரிவாள்மணையை நகர்த்தினேன். கத்திதான் வேண்டும் என்றார். கிழங்கைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே உரித்தார். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகச் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது கைக்கு வந்துவிட்டது. பத்து நாளாகத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க நடுங்கிய கை, அப்போது நடுங்கவில்லை.

பச்சைத் தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு உப்போடு வேகவைத்தார். வடித்து, ஈரம் சுண்டின பிறகு, “முறுக்கு அச்சு இருக்கா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓமப்பொடி வில்லையைப் போட்டு, ஆவி பறக்கிற கிழங்கை அதில் வைத்துப் பிழிந்தார். மெல்லிசாக, பூவாக இறங்கியது. “கெழங்க அரைக்கக் கூடாதும்மா. அரைச்சா அதுக்குக் கோவம் வந்துடும், பசையாப் பூடும். மொதல்ல வெண்ணெ. அப்புறம் பாலு, அதுவும் கொதிக்கக் கொதிக்க, கொஞ்சம் கொஞ்சமா.” மரக்கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கிண்டினார். ஸ்பூனைக் குத்தி நிறுத்தினார். நின்றது. “இதான்” என்றார்.

 என் முகம் கேட்டிருக்கும். “துப்பாக்கி புடிக்கத்தாம்மா போனேன். கண்ணு கம்மின்னு ஆஸ்பத்திரி அடுப்படிக்கு அனுப்பிட்டாங்க” என்றார். தழும்பைத் தடவிக்கொண்டார். “இது தேக்சா மூடி, அதாம்மா சோத்து அண்டா மூடி, கிழிச்சது. தாடையில குண்டு வாங்கினது நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், நம்ம மாதிரியே பேசுவான். வாய இம்மாத்தூண்டுதான் தொறக்க முடியும். நான்தான் ஊட்டுவேன். ஒரு கட்டி இருந்தாலும் தொண்டையில நின்னுக்கும், அழுவான். அதான் கட்டியில்லாம பண்ணக் கத்துக்கினேன். அவன் நல்லாகி வூட்டுக்குப் போனான்ம்மா. அவன் கதைய நான் எடுத்துக்கினேன்.”

சொல்லி முடித்துத் திரும்பினால், பின்வாசலில் அத்தை நிற்கிறார். கையில் விபூதிப் பொட்டலம். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. மாமாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷக் கதை ஒரு சட்டிக் கிழங்கில் போய்விட்டது. அத்தை கீழே சுருண்டு கிடந்த தோலை ஒன்று எடுத்து நீட்டிப் பார்த்தார். அவர் கைக்கு ஒரு முழ நீளம் இருந்தது.

“இத்தினி வருசத்துல எனக்கு ஒரு வெந்நி வச்சுக் குடுத்ததுண்டா நீங்க?” என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “வெளிய சொன்னா கெழங்கு உரிக்கப் போனவன்னு சொல்லுவாங்க” என்றார், சின்னப் பிள்ளையின் குரலில்.

“நான் வெளியவா?” என்றார் அத்தை. அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த கோபம் எனக்கு அன்றைக்கு முழுசாகப் புரியவில்லை. பிறகு சட்டியை வாங்கி, தட்டில் போட்டு, மாமாவை உட்காரவைத்து, “துன்னுங்க மொதல்ல” என்றார். மாமா சாப்பிட்டார். அத்தனை நாளைக்கு அப்புறம் வழித்துச் சாப்பிட்டார். பல்லில்லாத வாயோரத்தில் கண்ணீர் இறங்கி அதோடு சேர்ந்தது. அத்தையும் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு கம்மி” என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையல் மாமாவுடையது. தெருக் கதவைத் தாழ் போட்டுவிட்டு இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்துகொள்வார்கள். நான் வெளியே நின்று பேச்சைக் கேட்பேன், ஆஸ்பத்திரிக் கதை, பனிக் கதை, ஒரு வண்டிக் கிழங்கு உறைந்து கல்லான கதை. எல்லாம் புதுசாக இருக்கும். பல்செட்டு வந்தது, பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பினார். தெருவில் அத்தை மூச்சு விடவில்லை. டீக்கடைக்காரர் வாயைத் திறந்தால் முன்னைவிட ஜாஸ்தியாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாமா போனது அதற்குப் பல வருஷம் கழித்து. கருமாதிக்குப் படையல் போடும்போது, வடை பாயசத்துக்குப் பக்கத்தில், ஒரு கிண்ணம் நிறைய மேஷ் வைக்கச் சொன்னார் அத்தை. அச்சில் நான்தான் பிழிந்தேன். பந்தியிலும் ஆளுக்கு ஒரு கரண்டி விழுந்தது. டீக்கடைக்காரருக்கும் அப்போது பல் கொட்டிப்போயிருந்தது. ஒரு வாய் வைத்தார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். “இன்னா ஆயா இது? வெண்ணெயா கரையுது” என்றார்.

“பட்டாளத்துச் சாப்பாடு. குண்டு பட்டவங்களுக்குக் குடுக்கறது” என்றார் அத்தை.

டீக்கடைக்காரர் கை இலையிலேயே நின்றது. “அப்போ மிலிட்டரி சொன்னது நெசந்தானா?”

“ஆறிடப் போவுது, சாப்புடு” என்றார் அத்தை.

இப்போது என் மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணுகிறாள். புது மிக்ஸியில் மேஷ் செய்தாளாம், ஜவ்வாக இழுக்கிறதாம், தாத்தா செய்தது எப்படி என்று கேட்கிறாள். முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வடி, ஈரம் சுண்டட்டும், அச்சில் பிழி, முதலில் வெண்ணெய். தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், அவர் சண்டைக்குப் போனவர்தானே என்றாள். ஆமாம், சண்டைக்குப் போனவர்தான், சோறு ஊட்டிவிட்டு வந்தார் என்றேன்.