கல்யாணப் பத்திரிகை ஃபான்ட்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நானே விளக்கிச் சொல்வதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. மணிமங்கலத்தில் என் மாமியார், "கம்ப்யூட்டர்ல ஓட்டை கண்டுபுடிக்கிற வேலை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அது போதும். அரசாங்கப் பணத்தில் செய்கிற இணையதளங்களை ஜனங்களுக்குத் திறந்துவிடும் முன்னால் சோதித்துப் பார்த்து, விதிப்படி இருக்கிறதா, கண் தெரியாதவர், கை இயங்காதவர் எல்லாரும் பயன்படுத்த முடிகிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆபீஸ் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் ஒரு பரோட்டா கடைக்கு மேல் மாடி. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு அடிக்கிற ஹாரனில் போன் பேச முடியாது.

நான் சொல்ல வருகிற இணையதளம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பயிற்சித் திட்டத்துக்கானது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு எடுப்பதற்கு முன் பயிற்சி. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான் போடலாம், தபாலில் அனுப்ப முடியாது, நேரில் கொடுக்கவும் முடியாது. நான் சோதித்ததிலேயே யோக்கியமாக இருக்க வேண்டிய தளம் அதுதான்.

சோதிக்கிற மென்பொருளை வைத்து ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் பச்சை. பிழை ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் பார்வையில்லாத ஒருவரை உட்கார வைத்தும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தோம். முப்பதை ஒட்டிய வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது, அம்பாசமுத்திரம் பக்கம். தம்பி இங்கே ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறான். அவனோடு ஒரகடத்தில் வாடகை அறையில் இருந்தாள். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை அவள் ஓட்டுகிற வேகம் இருக்கிறதே, எனக்குத் தலை சுற்றும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் இரண்டு நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"எக்கா, இது என்னத்தையோ திட்டுத மாதிரில்லா இருக்கு. நீங்களே கேளுங்க."

ஒலிபெருக்கியில் போட்டாள். திரையில் எனக்கு அழகாக 'விண்ணப்பம்' என்று தெரிந்தது. குரலோ, "டி, பி, இசட், செமிகோலன், இசட், ஜி, செமிகோலன், ஜி, கே, செமிகோலன்" என்றது.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பழைய ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் இன்றைக்கும் வைத்திருக்கிறார்களே, அது. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. மேலே தமிழ் மாதிரி வரைந்து காட்டும், அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குத் தமிழ், கேட்கிறவனுக்கு உளறல். யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ அடித்துக் கொடுத்த விவரத்தை, தளம் செய்தவர்கள் அப்படியே தூக்கி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து என்று ஏதோ ஒன்று இருக்கிறது, சோதிக்கிற மென்பொருளுக்கு அது போதும். தமிழில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது, தமிழன் காது கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும்.

"சரி பண்ணிருவாவல்லா?" என்று கேட்டாள். "நானும் இதுலதான் போடணும்க்கா. கம்ப்யூட்டர்ல பதிவு போடுத வேலைக்கு ஒரு பிரிவு இருக்குன்னு சொன்னாங்க. இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிரும்."

"சரி பண்ணாம விட மாட்டேன்" என்றேன். அப்படியே சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றைக்கும் வந்தது, அந்தக் கோபத்தில் எனக்கே என் மேல் ஒரு பெருமை.

அறிக்கையோடு ஓனரிடம் போனேன். படப்பைப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன்தான். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணுக்கு நல்லாத் தெரியுதுல்ல? அப்புறம் இன்னாமா பிரச்சனை உனுக்கு?"

"சார், கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் சார் இந்த சைட்டே."

"அது தெரியாமலா கேக்குறேன்? விழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்கம்மா. பெரிய ஆளு வந்து பட்டன் அமுக்கப் போறாரு. இப்பப் போயி சரியில்லன்னு எழுதிக் குட்த்தா இனிமே நம்மள எவன் கூப்புடுவான்? முப்பது நாள்ல சரி பண்ணணும்னு ஒரு குறிப்பு போட்டு கையெழுத்துப் போட்டுடு."

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு சொல் உண்டு: 'நிபந்தனையுடன் தகுதி'. தகுதியில்லை, ஆனால் அதைச் சொல்ல மாட்டோம் என்று அர்த்தம். விண்ணப்பம் போட பதினைந்து நாள்தான் அவகாசம். பிழை திருத்த முப்பது நாள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன்.

அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட்டதைச் சொல்லவில்லை. திருத்த நாளாகும் போலிருக்கிறது, நான் வந்து விண்ணப்பம் போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா அலைச்சல்? தம்பி போட்டுருவான்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. இரண்டு தடவை வற்புறுத்தியிருக்கலாம். ஒரகடம் என்ன கண்காணாத தூரத்திலா இருக்கிறது? ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடம்.

விழா நடந்தது. பேப்பரில் படம் வந்தது. முப்பது நாள் போயிற்று, குறிப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "எக்கா, எடம் கெடச்சிருக்கு."

"அடி சக்கை!" என்று கத்தியே விட்டேன். பக்கத்து மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெழுகுவத்தி செய்யுததுலக்கா."

அவளே சொன்னாள். தம்பி ஷிப்ட் முடிந்து, ஓ.டி.யும் பார்த்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறான். என்ன பிரிவு என்று அவன் வாய் திறக்கும் முன்னால், அங்கே இருந்த ஆள், "கண்ணு தெரியாதவங்களா? மெழுகுவத்திதான் குட்ப்பாங்க" என்று அவனாகவே அமுக்கி அனுப்பிவிட்டான். அவள் வீட்டில் லேப்டாப்பில் நகலைத் திறந்து சரிபார்க்கப் பார்த்திருக்கிறாள். டி, பி, இசட். தம்பியைக் கேட்டால், "எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். இடம் ஒதுக்கி, போனில் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"மாத்த முடியாதா?"

"ஒருதடவ அனுப்புனா மாத்த ஏலாதாம்க்கா. கேட்டுட்டேன்."

பி.ஏ. படித்தவள். நான் ஒரு வரி அடிப்பதற்குள் மூன்று வரி அடிப்பவள். பாவி, நான் அந்தக் குறிப்பை எழுதாமல் 'தகுதியில்லை' என்று இரண்டே சொல் எழுதியிருந்தால் விழாதான் தள்ளிப் போயிருக்கும். வேறு என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

"இன்னைக்கும் அந்த சைட்டத் தொறந்து பாத்தேன்க்கா. ஒண்ணும் மாறல, அதே டி, பி, இசட்தான். அடியில ஒரே ஒரு வரி மட்டும் தெளிவா வாசிக்கு. 'இந்த இணையதளம் பார்வையற்றோரைக் கொண்டு சோதித்து உறுதி செய்யப்பட்டது'ன்னு. அது யாருக்கா டைப் பண்ணது?"

நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு, விழாவில் காட்ட ஒரு வரி வேண்டும் என்று ஓனர் கேட்டார். நின்றுகொண்டே என் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினேன். நான் எப்போதும் யூனிகோடில்தான் அடிப்பேன், குரல் மென்பொருள் தமிழாகவே வாசிக்கிற எழுத்து அது. அனுப்பும் முன் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"நான்தாம்மா" என்றேன்.

"நெனச்சேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.