நிசாவுக்கு நடக்கப் பிடிக்காது

கமருன்னிசா அமெரிக்காவில் பார்க்காத பார்க்கிங் லாட் இல்லை. நயாகராவின் இரைச்சலைக் காருக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கிராண்ட் கேன்யனில் எந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினால் சாயங்காலம் வரை நிழல் இருக்கும் என்று கேளுங்கள், சொல்வாள். பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் பிள்ளைகள் எடுத்த போட்டோவைத்தான் காட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் குடியிருந்த காலத்திலும் சரி, டெக்சாஸில் ஆலனுக்கு வீடு மாறிய பிறகும் சரி, லீவு விட்டால் குடும்பம் மலையேறும், அவள் பைகளுக்குக் காவல் இருப்பாள். காரணம் ஊரறிந்தது. நிசாவுக்கு நடக்கப் பிடிக்காது.

இதை முதலில் சொன்னவளே அவள்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், மூத்தவன் ஹாமித் கைக்குழந்தையாக இருந்தபோது, யூட்டாவில் ஒரு செம்பாறைப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். பச்சைக் குழந்தையோடு இறங்க முடியாத பாதை. கணவர் இனாயத்துல்லா பாதையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் பிள்ளைக்குக்கூட அப்படி முகம் வராது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கு நடக்கவெல்லாம் பிடிக்காதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்பில் சொன்ன பொய். சொன்னவள் மறந்துபோனாள், கேட்டவர் மறக்கவில்லை. அடுத்த பயணத்தில் நண்பர்களிடம் அவரே அதைச் சொன்னார். பிறகு பிறந்த மகள் நதா அதைக் கேட்டே வளர்ந்தாள். சிலர் கத்தரிக்காய் சாப்பிட மாட்டார்கள், அம்மா நடக்க மாட்டாள். அந்த வீட்டில் அது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

உண்மையில் நிசாவுக்கு நடை என்றால் உயிர். ஆலனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறாள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருக்க, இவள் டிராயரில் வைத்திருக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்தைச் சுற்றக் கிளம்பிவிடுவாள். டெக்சாஸ் வெயிலுக்கும் அசர மாட்டாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. மறைத்தாள் என்றில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருட ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு மேற்கு டெக்சாஸில் ஒரு பள்ளத்தாக்கு என்று முடிவானது. சிவப்புப் பாறையும் முள்ளுமான வறண்ட பூமி, அதன் அடியில் ஒரு ஏரி. இனாயத்துல்லாவின் ஆபீஸ் நண்பன் தீபக்கும் அவன் மனைவி விஷாகாவும் கூட வந்தார்கள். எல்லோருக்குமாக ஒரு பெரிய வேன். வழியில் ஹலால் கிடைக்காது என்பதால் நிசா விடியலிலேயே எழுந்து கோழி வறுத்தாள், இறால் பதித்த வாடா சுட்டாள், தீபக் வீட்டுக்காரர்கள் சைவம் என்று லெமன் சாதம் தனியாகக் கிளறினாள். ஆகஸ்டில் ஹாமித் காலேஜுக்குப் போகிறான். எல்லோரும் சேர்ந்து போவது இனி எப்போது வாய்க்குமோ. இந்த ஒரு தடவையாவது தானும் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலம் முழுக்க நடக்கப் பிடிக்காதவளாகவே இருந்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது. டிராயரில் கிடந்த ஷூவை வீட்டுக்குக் கொண்டுவந்து காலில் மாட்டியிருந்தாள். ஐந்து மணி நேரப் பயணத்தில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பள்ளத்தாக்கின் விளிம்பில் வேனை நிறுத்தினார்கள். அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று விளிம்போரமாகவே உயரத்துக்குப் போனது. இன்னொன்று கீழே ஏரிக்கு இறங்கியது. அதன் பலகையில் 'குடும்பத்தோடு செல்ல ஏற்றது' என்று ஆங்கிலத்தில் எழுதி, அப்பா அம்மா குழந்தை படமும் போட்டிருந்தது.

"உயரத்துக்கே போவோம். வியூ அங்கதான்" என்றார் இனாயத்துல்லா. வேன் சீட்டிலிருந்து இன்னும் இறங்காத நிசாவின் கையில் வழக்கம்போலச் சாவியை வைத்தார்.

"நானும் வரேங்க" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். "உனக்கு எதுக்கு நிசா வீண் கஷ்டம்? பாதியில கால் வலிக்குதுன்னா உன்ன யாரு தூக்கிட்டு வர்றது? எல்லார் லேப்டாப்பும் உள்ள இருக்கு. ஏசியப் போட்டுட்டு ரெஸ்ட் எடு."

"நிசாவுக்கு இதுல எல்லாம் இன்ட்ரஸ்டே இல்லப்பா" என்று விஷாகா பரிதாபப்பட்டுக்கொண்டே தன் கைப்பையையும் அவள் மடியில் வைத்தாள். "பிளீஸ், இதையும் பாத்துக்கோங்க. சீக்கிரம் வந்துடுவோம்." தீபக் கேமரா பெட்டியை வைத்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மேட்டில் மறைகிறவரை நிசா பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வருகிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் போனபின் அது கோபம் என்று புரிந்தது. நல்ல கோபம், பதினெட்டு வருடம் ஊறிய கோபம். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஏரிப் பாதையில் இறங்கியது. முன்னால், இன்னும் நடை சரியாகப் பழகாத ஒரு குழந்தை, தத்தக்கா பித்தக்கா என்று.

"அது போகலாம், நான் போகக் கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்ல வேனில் யாரும் இல்லை. மடியிலிருந்த பைகளைச் சீட்டில் போட்டாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள், கதவைப் பூட்டினாள், சாவியை ஜாக்கெட் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பாதை செம்மண்ணாக வளைந்து வளைந்து இறங்கியது. பாறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள் ஓடின. கருவேலம்போல ஒரு முள்மரம் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது, அவளும் விடாமல் பிடுங்கிக்கொண்டாள். ஒரு திருப்பத்தில் சரளைக்கல் வழுக்கி உட்கார்ந்தே விட்டாள். உள்ளங்கை சிராய்த்து எரிந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பாதியில் தூக்கிட்டு வர்றது யாரு என்ற குரல் காதில் கேட்டது. "யாரும் தூக்க வேணாம்" என்று எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள்.

ஏரி போட்டோவில் இருப்பது போலவே இல்லை. போட்டோவில் வாசனை இருக்காது, காற்று இருக்காது, காலடியில் தண்ணீர் வந்து மோதும் சத்தம் இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் நாலு பக்கமும் சிவப்புச் சுவர். இதையெல்லாம் இத்தனை வருடம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தார்களே என்று பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே இவ்வளவு சந்தோஷமும் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. லுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்கு நேரம் ஆகியிருந்தது. ஏரித் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளு செய்தாள். சிராய்ப்பில் தண்ணீர் பட்டுச் சுள்ளென்றது. போன் காம்பஸில் கிப்லா திசை பார்த்து, ஒரு தட்டைப் பாறையில் ஜாக்கெட்டை விரித்துத் தொழ நின்றாள்.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது. "நிசா! ஏ நிசா!"

பள்ளத்தாக்கில் குரல் தெளிவாகவே இறங்கியது. போனவர்கள் திரும்பிவிட்டார்கள். வேன் பூட்டியிருக்கிறது, சோறு உள்ளே இருக்கிறது. தொழுகையில் நிற்பவள் பதில் சொல்ல முடியாது, அதைக் குறை சொல்ல இனாயத்துல்லாவாலும் முடியாது.

"பாய், அவங்க தொழுறாங்க போல" என்று தீபக் சொன்னது கேட்டது. "எவ்ளோ நேரம் ஆகும்? பசி உயிர் போகுது."

"பயணத்துல ரெண்டு ரக்அத்துதான். இப்ப முடிஞ்சிடும்."

ரெண்டு ரக்அத் முடிந்தது. ஆனால் துஆவுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லையே. அன்று நிசாவுக்கு அல்லாஹ்விடம் சொல்ல நிறைய இருந்தது. அவசரமில்லாமல் சொன்னாள். கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தபோது மேலே வரிசையாக ஐந்து தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சாவியோட மேல வா!" என்று கத்தினார் கணவர்.

"நீங்க கீழ வாங்க!" என்று இவள் கத்தினாள். இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே புதிது. "நடக்கப் பிடிச்சவங்கதானே எல்லாரும்!"

வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முதலில் நதா வந்து சேர்ந்தாள், மூச்சு வாங்க. "அம்மா, யூ ஹேட் ஹைக்கிங்!"

"யாருடி சொன்னா?"

"யூ டிட். அத்தா ஆல்வேஸ் சேஸ் ஸோ."

இனாயத்துல்லாவும் அதற்குள் வந்துவிட்டார். நிசா அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஒரே ஒரு நாள் சொன்னேன். ஹாமித் கைக்குழந்தை. உங்க அத்தா அந்தப் பாதையையே ஏக்கமா பாத்துக்கிட்டு நின்னாரு. அவராவது போகட்டுமேன்னு பொய் சொன்னேன். எனக்கு நடக்க ரொம்பப் பிடிக்கும். எப்பவுமே பிடிக்கும். இத்தன வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, திருப்பிக் கேட்டீங்களா?"

தீபக்கும் விஷாகாவும் தண்ணீரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஹாமித் தலையைக் குனிந்துகொண்டான்.  இனாயத்துல்லாவின் கண் முதல்முறையாக அவள் காலுக்குப் போனது. தேய்ந்து போன ஷூ.

"இது எப்ப வாங்கின?"

"மூணு வருஷம் ஆச்சு."

 "வா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

நிசா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்கல்லாம் போய் சாப்பிடுங்க. லெமன் சாதம் நீல டப்பால இருக்கு. பாதை இந்த ஏரியைச் சுத்தி அந்தப் பக்கம் போகுது, நான் முழுசா பாத்துட்டுத்தான் வருவேன். என்கூட வர்றவங்க வரலாம், வராதவங்க பையெல்லாம் பாத்துக்கங்க."

அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

பதினெட்டு வருடமாக இந்தக் கேள்வியை அவள்தான் கேட்டுப் பழக்கம்.

"தெரியலங்க" என்றாள். "பிடிச்சிருந்தா லேட்டாகும்."